நிறைவு செய்து தருமாறு

ஆனி 3, புதன்

விடியற்காலை தூறல். வாசல் கோலம் கரைந்துவிட்டது, மண் குளிர்ந்தது, அதற்கு இது சரியாகிவிட்டது. தக்காளி இறங்கியிருக்கிறது. தள்ளுவண்டிக்காரரிடம் கூடுதலாகவே வாங்கி, பாதியைத் தொக்குக்கு ஒதுக்கினேன். இன்றைய செலவு எழுதியாயிற்று. கணக்கு நேர்.

பனியன் கம்பெனிகள் பாதி ஆளோடு ஓடத் தொடங்கியிருக்கின்றன என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். எங்கள் காம்பவுண்டில் யாருக்கும் இன்னும் அழைப்பு வரவில்லை.

காம்பவுண்டில் நாங்கள் குடியிருக்கும் வீடுகள் போக, வாடகைக்கு வரிசையாக ஆறு வீடு. மாமனார் பிரித்துக் கொடுத்தபடி முதல் நான்கும் எங்களுக்கு, கடைசி இரண்டும் நங்கைக்கு. நங்கை என்று நான் கூப்பிடுவது அவருடைய அக்கா வள்ளியாத்தாளை; எதிரே தனி வீட்டில் இருக்கிறார். நங்கையின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளை இல்லை. அந்த இரண்டு வீட்டு வாடகைதான் அவருடைய சோறு, மாத்திரை, கோயிலுக்குப் போகும் பூ எல்லாம். ஒரு வீட்டில் இருந்த பீகார்ப் பையன்கள் பூட்டிக்கொண்டு முதல் ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்கள். சாமான் உள்ளே இருக்கிறது, வேறு ஆள் வைக்க முடியாது. கடைசி வீட்டில் முனீஸ்வரியும் அவள் புருஷன் சேதுவும். பரமக்குடிப் பக்கம். அவள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவள், அவன் அங்கே துணி தேய்ப்பவன். பங்குனிக்குப் பிறகு அவர்களால் வாடகை தர முடியவில்லை.

அவள் மாசமாக இருக்கிறாள். கல்யாணமாகி ஆறாவது வருஷம். எட்டு முடியப் போகிறது.

நோய்க் காலத்தில் வாடகைக்காக யாரையும் வீட்டை விட்டு எழுப்பக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டிருக்கிறது. அது இந்த மாதக் கடைசியோடு சரி. மேலும் நீட்டுவார்களா, மாட்டார்களா என்பதுதான் இப்போது தெரு முழுக்கப் பேச்சு. முருகன் இருக்கிறான்.

ஆனி 7, ஞாயிறு

வீட்டு உரிமையாளர் சங்கக் கூட்டம் தலைவர் சென்னியப்பண்ணன் வீட்டு மாடியில் நடந்தது. தள்ளித் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்களாம். எங்கள் வீட்டுக்காரர்தான் செயலாளர் என்பதால் தண்ணீர்க் குடம் முதல் மைக் வரை இங்கிருந்துதான் போனது. நான் சுக்குக் காப்பி வைத்து அனுப்பினேன். தூக்குப் போசி கழுவின மாதிரி திரும்பி வந்தது.

உத்தரவை நீட்டக் கூடாது என்று மனுக் கொடுப்பதாக முடிவு. வருகிற வாரம் தாலுக்கா ஆபீசில் இரண்டு பக்கமும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்களாம். சென்னியப்பண்ணன், "உத்தரவு போடறவிய அவிய ஊட்டுக்கா போடறாங்க? நம்ம ஊட்டுக்குப் போடறாங்க" என்றதற்கு எல்லோரும் கை தட்டினார்களாம். அவருக்கு மூன்று தெருவில் வீடு. பேச்சு நியாயம்தான். கரண்டுக் கட்டணம், வீட்டு வரி, பேங்குக்காரன் எதையும் யாரும் தள்ளி வைக்கவில்லை. நாங்களும் நாலாவது வீட்டை எடுத்துக் கட்டின கடன் இன்னும் ஓடுகிறது.

பெண் பிள்ளையாகக் கூட்டத்துக்குப் போனவர் நங்கை ஒருவர்தான். அங்கே ஒன்றும் பேசவில்லையாம். வரும் வழியில் நம் வாசற்படியில் நின்றார். முனீஸ்வரியைப் பற்றி நான் மெல்ல எடுத்தேன். நங்கை என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவளுக்கு வவுறு இருக்குது, தெரியுது. எனக்கு இல்லையா அம்மிணி?"

 இருந்த தொக்கில் ஒரு கிண்ணம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஆனி 8, திங்கள்

தொக்கு நன்றாக வந்திருக்கிறது. எண்ணெய் மேலே நிற்கிறது.

ஆனி 11, வியாழன்

குழாயடியில் முனீஸ்வரி குடத்தைத் தூக்கப் போனாள். விடு என்று நான் வாங்கிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தையல் மிஷினுக்குத் துணி போர்த்தி, மேலே மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறாள். ஓடாத மிஷினுக்கும் பூசை.

நங்கையின் கடைசி வீட்டை எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் நேற்று வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். முன்பணம் கையில் வைத்துக்கொண்டு, உத்தரவு முடிந்த மறுநாளே வரத் தயார் என்றாராம். அவர் பார்த்ததை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எங்கள எந்திரிக்கச் சொல்லிருவாகளாக்கா?" என்றாள்.

சாமி இருக்கிறது என்றேன்.

"சாமி இருக்குக்கா. பஸ்ஸுதான் இல்ல. எங்காத்தா வர்றேன்னு பாஸுக்கு மூணு தடவ எழுதிப் போட்டுச்சு, கெடைக்கல. இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்டுப் போறது? அவரு கம்பெனி குடோன்ல படுத்துக்கலாங்கிறாரு. பஞ்சுத் தூசிக்குள்ள பிள்ளையப் பெத்தா அது தும்மிக்கிட்டேதான் பொறக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை.

தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு போகமுடியாத பெண். உத்தரவு இதோடு போதும் என்று ஒரு சொல் யாராவது சொல்லிவிட்டால் போதும், தெருவில் நிற்பாள்.

இன்று பருப்பு வடை சுட்டேன். அவளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்ததைக் கணக்கில் வீட்டுச் செலவு என்றே எழுதினேன். வீட்டுச் செலவுதானே.

ஆனி 12, வெள்ளி

விளக்கு வைத்து முடித்ததும் அவர் வெள்ளைத் தாளும் பேனாவுமாக வந்தார். சங்கத்து மனுவை நான்தான் எழுத வேண்டுமாம்.

நான் நாலாவதுவரைதான் போனவள். மற்றதெல்லாம் நாள்காட்டித் தாள், கோயில் நோட்டீஸ், மளிகை மடித்து வந்த பேப்பர் படித்துக் கற்றது. கையெழுத்து மட்டும் முருகன் கொடுத்தது. சங்கத்துக்கு எந்த நோட்டீஸ் என்றாலும் என்னிடம்தான் வரும். எழுதித் தருவதில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சென்னியப்பண்ணன் போனில் சொல்லச் சொல்ல அவர் எடுத்துச் சொன்னார். உத்தரவை ரத்துச் செய்யவேண்டும், வாடகை தராதவர்களைக் காலி செய்து தரவேண்டும். எழுதிக் காட்டவேண்டியிருப்பதால் இந்த இரண்டு சொல்லையும் இங்கே ஒரு தடவை எழுதிவிட்டேன். மன்னிக்கவேண்டும் தாயே. எங்கள் வீட்டில் அந்த மாதிரிச் சொல் புழங்குவதில்லை. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைஞ்சு போச்சு என்போம். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைப்போம். குடியிருந்தவர்கள் போய்விட்டால் வீடு நிறைஞ்சிருக்குது, ஆள் வேணும் என்போம். என் மாமியார் பழக்கியது. எங்கள் மாமியார் மட்டுமல்ல, இந்தத் தெருவில் பழைய குடும்பம் எல்லாமே இப்படித்தான் பேசும். வெள்ளிக்கிழமை விளக்கு எரியும்போது வேறு மாதிரி எழுதக் கை வராது.

முதல் தாளில் "தடையை நீக்கி" என்று எழுதினேன். அதில் குற்றமில்லை. எல்லோருக்கும் விளங்கும். படித்துப் பார்த்தபோது எழுத்து ஏனோ அழகாக விழவில்லை என்று பட்டது. அந்தத் தாளை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது தாளில் எழுதியது இது: "வாடகைதாரர்களை எழுப்பலாகாது என்னும் தங்கள் உத்தரவை நல்லபடியாக நிறைவு செய்து தருமாறும், எங்கள் வீடுகளை நிறைத்துக் கொடுக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

எழுத்து நன்றாக விழுந்திருந்தது. செயலாளர் பெயர் வருமிடத்தில் கோடு மட்டும் போட்டேன். அவர் பெயரை நான் எழுதியதில்லை. அவரே எழுதிக்கொண்டார்.

ஆனி 14, ஞாயிறு

மனுவை மாடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம் சென்னியப்பண்ணன். ஒருவரும் ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. "தங்கச்சி எழுத்துக்கு ஆபீசருங்களே எந்திரிச்சு நிக்கோணும்" என்றாராம். முப்பது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நங்கை கைநாட்டு வைக்கமாட்டார், வ. வள்ளியாத்தாள் என்று நடுங்கிய எழுத்தில் முழுதாகப் போட்டிருந்தார்.

அந்தக் கையெழுத்தை நான் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாகற்காய் வறுவல். அவர் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

ஆனி 17, புதன்

இன்று நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். நான் பார்த்ததில்லை.

தாலுக்கா ஆபீசில் ஒரு பக்கம் வீட்டுக்காரர்கள், ஒரு பக்கம் குடியிருப்போர். நாலைந்து சங்கங்கள் எங்களைப் போலவே மனுக் கொண்டுவந்திருந்தன. எல்லாமே தட்டெழுத்தில் அடித்தவை. ஆபீசர் ஒவ்வொன்றாக வாங்கி, நீட்டக் கூடாது, நீட்டக் கூடாது என்று குறித்துக்கொண்டே வந்தாராம். ஆபீசர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் மனு வந்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். பிறகு எழுந்து நின்றே சத்தமாகப் படித்தாராம்.

"இவ்வளவு நேரம் நான் எதிர்பார்க்காத மனு இது. உத்தரவ நல்லபடியா நிறைவேத்துங்க, எங்க வீடு நிறைஞ்சே இருக்கட்டும்னு வீட்டுக்காரங்களே கேக்காங்க. இதுல கையெழுத்துப் போட்ட ஒவ்வொருத்தரையும் நான் கும்பிடுதேன்" என்று கும்பிட்டாராம்.

குடியிருப்போர் பக்கம் ஒரே கைத்தட்டு. அவர்களுடைய தலைவர் ஓடிவந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சென்னியப்பண்ணனுக்குப் போர்த்திவிட்டார். போட்டோ எடுத்தார்கள். சென்னியப்பண்ணன் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "ஏதோ எங்களால ஆனதுங்க" என்றாராம்.

எங்கள் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இருந்தது. சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சா எழுதினே?"

"நம்ம ஊட்ல எப்படிச் சொல்லுவமோ அப்படித்தானுங்க எழுதினேன். மாடில படிச்சப்ப எல்லாருக்கும் வெளங்குச்சல்லங்க?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்தார். இரண்டாவது தோசையைப் பிய்க்கும்போது தோள் குலுங்கியது. புரை ஏறிவிட்டதோ என்று தண்ணீர் கொடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனி 18, வியாழன்

காலையிலேயே சென்னியப்பண்ணன் பேப்பரோடு வந்தார். உள்பக்கத்தில் சின்னதாகப் படம், துண்டு போர்த்தியபடி. மகன் வெளிநாட்டிலிருந்து போன் பண்ணி, அப்பா நீங்களா இது என்று கேட்டானாம்.

"தங்கச்சி, நீ செஞ்சது பெரிய வம்பு" என்றார். உட்கார்ந்து காப்பி குடித்தார். வேறு மனு டைப் அடித்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுத்தால் பேப்பர்க்காரன் என்ன எழுதுவான் என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார். அண்ணன் அந்தப் படத்தை மறுபடி பார்த்தார். "துண்டு போர்த்தினதுல முதுகு கொஞ்சம் நேரா இருக்குதல்ல?" என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது.

அந்தப் பேப்பரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஆனி 20, சனி

நங்கை மூன்று நாளாக நம் வாசல் பக்கம் வரவில்லை. சாம்பார் கொண்டுபோனேன். கதவைத் திறந்தார், வாங்கவில்லை.

"உன்ற பேனா எனக்குச் சோறு போடாது அம்மிணி" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

உள்ளே மேசையில் மாத்திரை அட்டை. காலைக்கும் ராத்திரிக்கும் என்று டாக்டர் எழுதியதை அவர் காலைக்கு மட்டும் போடுகிறார் என்று அட்டையைப் பார்த்ததும் தெரிந்தது. பாதிக்குப் பாதி மிச்சம். சாம்பாரை வாசல் திண்டில் வைத்துவிட்டு வந்தேன்.

பூசை செய்ய உட்கார்ந்தும் மனசு நிற்கவில்லை. ஒரு வயிற்றுக்காக இன்னொரு வயிற்றை என்று தொடங்கிய வாக்கியத்தை இங்கே எழுதிவிட்டு அடிக்கிறேன்.

ஆனி 21, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். எங்கள் நாலு வீட்டில் முதல் வீட்டு வாடகை, பாதியோ முழுசோ எது வந்தாலும், உத்தரவு இருக்கிறவரை நங்கைக்குப் போகட்டும் என்று. கடன் கட்டுவது எப்படி என்றார். கணக்கைக் காட்டினேன். பால் ஒரு வேளை குறைக்கலாம். சிலிண்டருக்குப் பதிலாக வெந்நீர் அடுப்பிலேயே குழம்பு வைக்கலாம், ருசியும் கூடும். ஆடித் தள்ளுபடியில் சேலை எடுக்கும் ஆசை இந்த வருஷம் எனக்கு ஏனோ வரவில்லை.

"நீ முன்னமே கணக்குப் போட்டு வெச்சிருக்கறே" என்றார்.

கணக்கு எப்போதும் போட்டு வைப்பதுதான்.

நங்கையிடம் அவரே போய்ச் சொன்னார். தம்பி கொடுப்பதைச் சும்மா வாங்க மாட்டாராம். "கடனா வெச்சுக்கறேன்" என்றாராம். சரி என்று விட்டுவிட்டார். மத்தியானம் சாம்பார்க் கிண்ணம் கழுவி, உள்ளே ஒரு பிடி கறிவேப்பிலையோடு திரும்பி வந்தது. வெறும் கிண்ணம் கொடுக்கமாட்டார் நங்கை. கோபத்திலும் முறை தப்பவில்லை.

ஆனி 26, வெள்ளி

உத்தரவை ஆவணிக் கடைசிவரை நீட்டிவிட்டார்கள். எல்லா ஊருக்கும் சேர்த்து வந்தது. எங்கள் மனுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சென்னியப்பண்ணன் நினைக்கிறார். தெருமுனையில் நின்று, "நம்ம சொன்னா ஆபீசரு கேக்கறாப்பல" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் வேறு தெருவில் வீடு பார்த்துக்கொண்டார்.

முனீஸ்வரி வந்து காலைத் தொடப் போனாள். இந்த வயிற்றோடு குனியாதே என்று தடுத்துவிட்டேன். அவளை நங்கையிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். வீடு அவருடையது. போனாள். நங்கை கதவிடுக்கில் நின்றபடி பேசியது குழாயடிவரை கேட்டது.

"உத்தரவு சொல்லுது, இருக்கறே. நான் சொல்லல. பேசிப் பேசிச் செல்லங் கொஞ்சறதுக்கு நான் உன்ற அக்கா இல்ல. ஒவ்வொரு மாசமும் வந்து கேப்பேன். இல்லீனு நீ சொல்லோணும். என்ற மொகத்தப் பாத்துச் சொல்லோணும்."

"சொல்றேங்கம்மா" என்றாள் அவள்.

ஆடி 1, வியாழன்

ஆடிப் பிறப்புக்குத் தேங்காய் சுட்டோம். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, குச்சியில் தேங்காயைச் செருகி நெருப்பைச் சுற்றி நின்றார்கள். உள்ளே வெல்லமும் பாசிப்பயறும் அவலும். கொதிக்கிற மணம் தெருவையே எழுப்பியது. முனீஸ்வரி இதைக் கண்டதில்லையாம். ஒரு சில்லு வாயில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

நங்கை மாதம் பிறந்ததும் கேட்க வந்தார். நெருப்பைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போதே கேட்டார். முனீஸ்வரி முகத்தைப் பார்த்து இல்லைங்கம்மா என்றாள். நங்கை சரி என்று திரும்பினார். போகிறபோது, "வெல்லத்த எச்சாத் திங்காதே, கால் வீங்கியிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல நாள். செலவு: தேங்காய், வெல்லம் மட்டும்.

ஆடி 9, வெள்ளி

அம்மனுக்குக் கூழ். கோயில் மூடியிருப்பதால் வீட்டிலேயே ஊற்றினோம். சேதுவுக்குக் கம்பெனியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஆடி 14, புதன்

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், முனீஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட ஒரு பெண்ணைத்தான் விடுவார்கள். நான் போனேன். அவர் எங்கள் வேனை எடுத்தார். சேது வழியெல்லாம் என்னென்னவோ கேட்டுக்கொண்டு வந்தான், யாரும் பதில் சொல்லவில்லை. பொழுதோடு பெண் குழந்தை. அழுகை வாசல்வரை கேட்டிருக்கும். தாயும் பிள்ளையும் சுகம். தும்மவில்லை.

கத்தரிக்காய் கறுத்துப்போயிருந்தது. பரவாயில்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு நாளில் பிள்ளை வீட்டுக்கு வந்தது. ஆற்றுக்குப் போக விடவில்லை. குழாயடியில் ஒரு குடம் பிடித்து, மஞ்சள் தெளித்து, அதைத்தான் ஆறு என்று கும்பிட்டோம்.

வாசலில் ஆலம் சுற்றினேன். முனீஸ்வரி ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு வழக்கம் பொது. குழந்தை நாக்கில் முதன்முதலாகச் சேனை என்று இனிப்புத் தொட்டு வைப்பது. வைக்கிறவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தாய்ப்பால் தவிர ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் சர்க்கரைத் தண்ணீரை விரல் நுனியில் நனைத்து உதட்டில் ஒற்றுவதோடு சரி என்று முடிவு செய்திருந்தோம். வைக்கப்போவது நான் என்றுதான் நினைத்திருந்தேன். குளித்து, நல்ல சேலை கட்டி, வெள்ளிக் கிண்ணத்தைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தேன்.

நங்கை தன் வீட்டு வாசலில் தூரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி நேரங்களில் அவர் அங்கேதான் நிற்பார். யாரும் நிற்கச் சொன்னதில்லை, யாரும் வரச் சொன்னதும் இல்லை. நானும்.

நான் விரலை நனைக்கப் போனேன். முனீஸ்வரி, "அக்கா, கோவிச்சுக்கிறாதீக" என்றாள். "அந்தம்மா வைக்கட்டும்."

எந்தம்மா என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அவள் பார்த்த திசையைப் பார்த்தேன்.

நங்கை ஓரடி பின்னால் போனார். "நான் வெக்கறதாவது. கூடாது சாமி. புருசனத் தூக்கிக் குடுத்தவ. போச்சாது, அம்மிணியே வெக்கட்டும்."

"எங்க வீட்ல எங்காத்தாவும் புருசனில்லாததுதான்மா, அதுனால என்ன. எங்களுக்கு யாருகிட்டயும் எதையும் கேக்கத் தெரியாது. கம்பெனியில மூணு மாசச் சம்பளம் நிப்பாட்டி வச்சிருக்கான், இவரு கேக்கப் போயிட்டு டீ குடிச்சிட்டு வர்றாரு. எம்பிள்ள அப்பிடி வளரக் கூடாது. உங்கள மாதிரி மொகத்தப் பாத்துக் கேக்கணும்."

சேது தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் வீட்டுக்காரர் வேன் சக்கரத்தைப் பார்த்தார்.

கிண்ணம் என் கையில் இருந்தது. கொடுக்கலாமா கூடாதா என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அங்கே இல்லை. நாள்காட்டித் தாளிலும் நான் படித்ததில்லை. வாசல் தாண்டிப் போய் நங்கையின் கையில் வைத்தேன்.  

நங்கை சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். நனைத்து ஒற்றினார். குழந்தை உதட்டைச் சப்புக்கொட்டியது. நங்கை அதன் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்:

"கேளு. யாருகிட்ட வேணும்னாலும் கேளு. உன்ற அப்பன் கம்பெனிக்காரன்கிட்ட மொதல்ல கேளு. அப்பறம் உன்ற அப்பன்கிட்ட என்ற வாடகயக் கேட்டு வாங்கிக் குடு."

முதலில் சிரித்தது முனீஸ்வரி. நங்கை சிரிக்கவில்லை. கிண்ணத்தை என்னிடம் திருப்பித் தந்தபோது, அவர் கண்ணைப் பார்க்காமல் வாங்கினேன். அதுதான் மரியாதை என்று தோன்றியது.

சித்ரான்னம் மூன்று வகை செய்தேன். எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

ஆடி 19, திங்கள்

நங்கை காலையிலேயே கடைசி வீட்டுக்குப் போனார். எதற்கு இந்நேரத்தில் என்று கேட்டேன். வாடகை கேட்க என்றார். மத்தியானம்வரை திரும்பவில்லை.